பையன் கைமீறும்போது: ஆஸ்பத்திரியா, காப்பகமா, வீட்டுக்கே ஆள் வரவழைப்பதா?

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: எங்கள் வீட்டில் மூன்றாவது வழியைத்தான், வீட்டுக்கே ஆள் வரவழைப்பதைத்தான் எடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டும்போது சில வீடுகளில் ஒரு கெட்ட காலம் வருகிறது. தலையைச் சுவரில் மோதுவான், தன் கையையே கடித்துப் புண்ணாக்குவான், கதவு திறந்திருந்தால் ரோட்டுக்கு ஓடுவான். வாரம் இரண்டு நாள் போய்வரும் தெரபி அதற்குப் போதாது. அந்தச் சில வாரங்களை எப்படிக் கடப்பது என்பதுதான் கேள்வி.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கென்றே அரசாங்க ஏற்பாடு இருக்கிறது. ஆட்டிசம் திட்டத்தில் பதிவு செய்த பிள்ளை இப்படி ஆபத்தான கட்டத்துக்கு வந்தால், 12 வாரம் வரை நடத்தைப் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர், பெற்றோருக்கு ஓய்வு தர ஓர் ஆள் என்று தேவையானதைச் சேர்த்துத் தருகிறார்கள். ஆம்புலன்ஸ் மாதிரி உடனே ஓடிவருகிற சேவை இல்லை அது. நிலைமை முற்றி வெடிப்பதற்குள் முட்டுக்கொடுப்பதுதான் நோக்கம். சேலத்தில் நாமேதான் முட்டுக்கொடுத்துக்கொள்ள வேண்டும். கைவசம் இருக்கும் வழிகள் மூன்று.

அதற்கு முன்னால் பல், காது, வயிறு. பேசத் தெரியாத பிள்ளை திடீரென்று மாறினால் சொத்தைப் பல்லோ, காதில் சீழோ, நாள் கணக்கில் மலச்சிக்கலோ இருக்கலாம். வலிப்பும் இப்படி வெளிப்படலாம். வயதுக்கு வரப்போகும் பெண் பிள்ளை என்றால் மாதவிடாய் வலியையும் யோசிக்க வேண்டும். இதைப் பார்க்காமல் வேறெதில் இறங்கினாலும் பணம் தண்டம்.

சரி, ஆஸ்பத்திரி. நமக்கு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவும் உண்டு. தலையில் அடிபட்டு வாந்தி எடுக்கிறான், மயங்குகிறான், பினாயில் குடித்துவிட்டான் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, 108 தான். அப்படி இல்லாமல் மனநல வார்டில் சேர்ப்பது என்றால், 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழானவர்களுக்குத் தனி நடைமுறை வைத்திருக்கிறது: பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, சேர்க்கும் முன் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், சேர்ந்த நாள் முதல் கடைசி வரை வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் தறி ஓட்டிப் பிழைக்கும் வீட்டில் ஒருவர் வார்டில் உட்கார்ந்தால் ஒரு கூலி போயிற்று.

மருந்தை நான் குறை சொல்லப் போவதில்லை. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் இரண்டும் ஆட்டிசப் பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்காக அமெரிக்காவில் முறையே 2006, 2009 ஆம் ஆண்டுகளில் அனுமதி பெற்றவை. இங்கும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். எங்கள் பையனுக்கும் ராத்திரித் தூக்கத்தைச் சரிசெய்யச் சிறிய அளவில் ஒன்று ஓடுகிறது. பசி கூடும், எடை ஏறும், அதைக் கவனிக்க வேண்டும். மருந்து கொதிப்பைக் குறைக்கும். எது கொதிக்க வைத்தது என்பதை அது சொல்லாது.

இரண்டாவது, குறுகிய காலத்துக்குக் காப்பகத்தில் விடுவது. “ஏன் கண்ணு, நீயும் எத்தனை நாள் தூங்காம இருப்ப? ஒரு மாசம் எங்கயாச்சும் விட்டுட்டு வரலாமில்ல?” என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. பெற்றவளுக்கும் உடம்பு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் சமர்த் திட்டமே இப்படிப் பெற்றோருக்கு ஓய்வு தரும் விடுதிகளுக்காக வந்ததுதான். நாங்கள் ஓர் இடத்தைப் பார்க்கவும் போனோம். சுத்தமாக இருந்தது, சாப்பாடு நன்றாக இருந்தது. ‘கடித்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டேன். ‘இங்கே வந்தால் கடிக்க மாட்டாங்கம்மா’ என்றார் அங்கிருந்தவர். அந்தப் பதில்தான் எங்களைத் திருப்பி அனுப்பியது. அங்கே விட்டுப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை, ஆகவே ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். அம்மாவுக்கு ஆபரேஷன், வீட்டில் சாவு, கைக்குழந்தை என்று இருந்தால் அதுதான் சரியான வழியாகக்கூட இருக்கலாம்.

காப்பகத்துக்காரர் சொன்னது பொய்யாகவும் இருக்காது. புது இடத்தில் பிள்ளை கடிக்காமல் இருக்கலாம். இந்த நடத்தைகள் பிள்ளைக்குள் மட்டும் இருப்பதில்லை. இடத்தோடும் ஆளோடும் சத்தத்தோடும் நேரத்தோடும் முடிச்சுப் போட்டிருக்கின்றன. வேறு இடத்துக்குப் போனால் முடிச்சு தளர்ந்து கிடக்கும். திரும்பி வந்து அதே வாசலில் காலை வைத்ததும் இறுகும். ஆகவே எந்த வழியானாலும் நான் கேட்பது ஒன்றுதான்: உதவிக்கு வந்தவர் போன பிறகு, அடுத்த மாதம் இதை யார் நடத்துவது?

மூன்றாவது, வீட்டுக்கே ஆள் வரவழைப்பது. எங்கள் வீடு அம்மாப்பேட்டைப் பக்கம். இரண்டு பக்கமும் விசைத்தறி. வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட் முதல் வாரம் பையனிடம் எதையும் மாற்றவில்லை. ஒரு நீள நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னார். அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே நாம் என்ன செய்தோம். ‘கோபம் வந்தது’ என்று எழுதினால் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார்; கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். பிள்ளை இப்படிச் செய்வதற்குப் பெரும்பாலும் நான்கில் ஒரு காரணம் இருக்கும் என்றார்: நம் கவனம் வேண்டும், பிடிக்காததிலிருந்து தப்ப வேண்டும், ஒரு பொருள் வேண்டும், அல்லது உடம்புக்கு அந்த உணர்வே வேண்டும்.

நோட்டில் வந்தது நாங்கள் நினைத்தது இல்லை. தறிச் சத்தம்தான் அவனைப் படுத்துகிறது என்று ஊரே சொன்னது. நோட்டைப் பார்த்தால் தலையை மோதிக்கொண்டதெல்லாம் தறி நின்ற நேரம்! ஈபி ஷட்டவுன், நூல் வராத நாள், சாயங்காலம் திடீரென்று கரண்ட் போனது. பிறந்ததிலிருந்து காதில் ஓடிய சத்தம் சட்டென்று அறுந்தால் அவனுக்கு உலகமே நின்ற மாதிரி இருக்கிறது போல. இதை எந்த வார்டில் கண்டுபிடிப்பது? எந்தக் காப்பகத்தில் தறி ஓடுகிறது?

அதற்குச் செய்தது சின்ன வேலை. தறிச் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து, பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கரில் போடுவது. ஷட்டவுன் அறிவிப்பு வந்தால் முந்தின நாளே, தறி நிற்கிற படத்தைக் காட்டிச் சொல்லிவைப்பது. மோதல் அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் நெற்றியில் பழைய வீக்கத்தின் மேல் புது வீக்கம் வருவது நின்றது.

கை கடிப்பதுதான் கஷ்டமான பாடம். கடித்தால் பயந்துபோய் நாங்கள் போனைக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று மூன்றாவது கட்டம் சொன்னது. இனி போன் படம் போட்ட அட்டையை எடுத்து நீட்டினால் உடனே போன். கடித்தால் கிடையாது, புண்ணாகாமல் பல்லுக்கும் கைக்கும் நடுவே துணியை மட்டும் கொடுப்பது. இப்படி மாற்றினால் குறைவதற்கு முன் சில நாள் இன்னும் ஏறும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். ஏறியது. அந்த நாட்களில் வீட்டில் ஒருவர் மனம் இளகிப் போனைக் கொடுத்திருந்தால், இன்னும் பலமாகக் கடித்தால் கிடைக்கும் என்றுதான் அவன் கற்றிருப்பான். ஆகவே அத்தை, கொழுந்தனார், வீட்டுக்காரர், நான் எல்லோரும் ஒரே பேச்சில் நிற்க வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்திலும் முன்னாலேயே சொல்லிவைத்தோம், அலறல் கேட்டு யாரும் மிட்டாயோடு ஓடிவர வேண்டாம் என்று.

தெரபிஸ்ட் வருவது நின்று வெகுநாளாயிற்று. நோட்டு ஓடுகிறது. அத்தைக்கு எழுத்து அவ்வளவு வராது. கடித்தால் ஒரு கோடு, தலையை மோதினால் ஒரு சுழி, அட்டையைக் கொடுத்தால் ஒரு பூ. பூ கூடுகிறதா என்று மாதக் கடைசியில் எண்ணிப் பார்ப்பதும் அவர்தான். அந்த நோட்டு வீட்டிலேயே தங்கிவிட்டதால்தான் மூன்றாவது வழிக்கு என் ஓட்டு.

குறைகளும் உண்டு. சேலத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் குறைவு. ஏபிஏ (நடத்தையை அலசி மாற்றும் பயிற்சி முறை) படித்தேன் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள். அடக்குகிறேன் என்று பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து அழுத்துபவராக இருந்தால் அன்றே அனுப்பிவிடுங்கள், மூச்சு முட்டி உயிரே போகலாம். கட்டணம் கையைக் கடிக்கும். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் வரை தருகிறது, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பில்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், பணம் பின்னால்தான் வரும். வீட்டில் மாற்றிப் பார்த்துக்கொள்ள இரண்டாவது ஆள் இல்லையென்றால் இந்த வழி தாங்காது. தனியாக வளர்க்கும் அம்மாவுக்கு இதை நான் சொல்லத் துணிய மாட்டேன்.

அவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. வேலூர் சிஎம்சியிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்துத் தங்கவைத்துக் கவனிக்கும் பிரிவுகள் உண்டு. இரண்டுமே இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பிள்ளையை விட்டுவிட்டு வருவதில்லை, நாமும் கற்றுக்கொண்டு வருகிறோம் என்பதால் காப்பகத்தைவிட இதை மேலே வைப்பேன். இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிவரலாம். இன்றைக்கே வேண்டும் என்பவருக்கு உதவாது.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. 20 கொண்டை ஊசி வளைவைத் தாண்டி வாரம் இருமுறை தெரபிஸ்ட் ஏறிவருவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஓடிக் கதவைத் திறக்கும் பிள்ளையோடு அந்த வளைவுகளில் பஸ்ஸில் வருவதும் ஆகாது. நோட்டை எழுதி, நடந்ததை வீடியோ எடுத்து, ஆலோசனையைப் போனில் வாங்கிக்கொள்வதுதான் நடக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேசியாக வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது. ஆனால் மலைமேல் இருப்பவர்கள் அடிபட்டால் போவதற்கான வண்டியை மட்டும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். 108 வரும், ஆனால் இறங்கி வந்து சேர நேரமாகும்.