கோர்ட்னி பார்னெட்டோட முதல் ஆல்பம்: செம எனர்ஜி

ஆல்பம் பேரே முழ நீளம், 'சம்டைம்ஸ் ஐ சிட் அண்ட் திங்க், அண்ட் சம்டைம்ஸ் ஐ ஜஸ்ட் சிட்'. அப்ப ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல இருந்த பாடகி கோர்ட்னி பார்னெட் 2015ல விட்டது, மொத்தம் 11 பாட்டு. குரல்னு பாத்தா பெரிய சங்கதியெல்லாம் எதிர்பாக்காதீங்க, பாதி நேரம் பேசற மாதிரிதான் பாடுவாங்க, ஆனா அந்த அலட்சியமான பேச்சுக்குப் பின்னாடி கிட்டாரும் டிரம்ஸும் அடிச்சு நொறுக்கும் பாருங்க, அங்கதான் ஆளு நம்மள புடிச்சுடறாங்க. இடது கை கிட்டார் வேற, பெரும்பாலும் பிக் (கம்பிய மீட்டற சின்னத் தகடு) இல்லாம வெறும் விரலாலயே வாசிப்பாங்க, அதான் சத்தம் கொஞ்சம் கரடுமுரடா, உயிரோட இருக்கு.

'பெடஸ்ட்ரியன் அட் பெஸ்ட்' மூச்சு விடாம கத்தித் தீக்கற ரகம், வால்யூமை ஏத்திட்டுக் கேளுங்க.

எனக்குப் புடிச்சது என்னவோ அமைதியான 'டிப்ரெஸ்டன்' தான். ஒரு ஜோடி பிரெஸ்டன்ங்கற ஏரியாவுல வீடு பாக்கப் போறாங்க, சுத்திப் பாக்கறப்ப குளிக்கற எடத்துல கைப்பிடி, காபி, டீ, மாவு போட்டு வைக்கற டப்பா, வியட்நாம்ல ஒரு இளைஞன் வேன்ல இருக்கற போட்டோன்னு கண்ணுல படுது. அந்த வீட்டுக்காரங்க செத்துப்போயிட்டாங்கன்னு தெரிஞ்சு இதையெல்லாம் பாத்ததும், வீட்டோட தரை எப்படின்னு யோசிக்கக்கூட மனசு வரல. அழுகாச்சி மியூசிக் ஒண்ணும் கெடையாது, சும்மா சொல்லிட்டுப் போறாங்க, நமக்குத்தான் தொண்டை அடைக்குது.

குறைன்னா 'ஸ்மால் பாப்பீஸ்', ஏழு நிமிஷம் இழுக்குது, நான் ரெண்டு நிமிஷம் வெட்டியிருப்பேன். 'கிம்ஸ் கேரவன்' அதே அளவுக்கு நீளம்தான், ஆனா மெதுவா ஏறி கடைசில வெடிக்கறதால அலுக்கல. ஹெட்போன்ல கேட்டா இன்னும் நல்லாருக்கும்.