நைட்டின் பெயரை மாற்றினால் போதுமா, விதியையே மாற்ற வேண்டுமா?

இடைக்காலப் போர்களை வைத்த கணினி உத்தி விளையாட்டான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ அடித்தளமாக வைத்து, ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலோபொனீசியப் போருக்கு (கி.மு. 431–404) ஒரு மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றுப் பதிப்பு) செய்ய உட்கார்ந்தபோது எனக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. இடைக்கால விதிகளை அப்படியே விட்டுவிட்டு யூனிட்டுகளின் (படைவீரர் வகைகளின்) பெயரையும் உருவத்தையும் மட்டும் மாற்றுவது ஒன்று. விதிகளிலேயே கைவைப்பது இன்னொன்று. முதல் வழியில் ஆரம்பித்து, பாதியில் இரண்டாவதற்குத் தாவினேன்.

சில மாற்றங்கள் எந்த வழியிலும் ஒன்றுதான். பீரங்கியையும் வெடிமருந்தையும் எடுத்துவிட வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் வந்த எதிர் எடை ட்ரெபுஷேக்கும் (கல்லெறியும் முற்றுகைப் பொறி) இங்கே இடமில்லை. மடாலயம் கோயிலாகிவிடும். இதிலெல்லாம் யோசிக்க ஒன்றுமில்லை.

என்னை மாற வைத்தது நைட். 60 உணவு, 75 தங்கம் கொடுத்தால் 100 உயிர்ப்புள்ளியோடு, வேகமாக ஓடும் குதிரைவீரன் கிடைக்கிறான். பண்ணைகளைச் சூறையாடுவான், ஆபத்து என்றால் தப்பி ஓடிவிடுவான். 35 உணவு, 25 மரம் விலையுள்ள ஈட்டிக்காரன் அவனைத் தடுப்பதற்கென்றே இருப்பவன். ஆட்டத்தின் மூன்றாம் கட்டமான மூன்றாம் யுகம் முழுக்க இந்தச் சமன்பாட்டைச் சுற்றித்தான் நடக்கிறது. இடைக்கால ஐரோப்பாவுக்கு அது பொருந்தும். அங்கே நிலமானிய அமைப்பே குதிரைவீரனுக்குத் தீனி போடத்தான் இருந்தது. ஆனால் என் முதல் பதிப்பில் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய ஒவ்வொரு ஆட்டமும் குதிரைச் சண்டையாகவே முடிந்தது. கேடயமும் ஈட்டியும் ஏந்திய கிரேக்கக் காலாள் ஹாப்லைட் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான்.

வரலாறு அப்படியே தலைகீழ். போர் தொடங்கும்போது ஏதென்ஸிடம் களமிறங்கத் தயாராக 13,000 ஹாப்லைட்டுகள் இருந்தார்கள். குதிரைமேல் வில்லாளிகளையும் சேர்த்தால்கூடக் குதிரைப்படை 1,200தான் என்கிறார் அந்தப் போரை எழுதிய வரலாற்றாசிரியர் தூசிடைடஸ். ஸ்பார்ட்டாவோ கி.மு. 424-இல்தான், தன் வழக்கத்துக்கு மாறாக, 400 குதிரைவீரர்களைத் திரட்டியது. அந்த ஊரின் கையில் முதல் யூனிட்டாக நைட்டைக் கொடுத்துவிட்டு அதை ஸ்பார்ட்டா என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஹாப்லைட்டை இரண்டாம் யுகத்திலேயே திறந்துவிட்டேன். கவசத்தைக் கூட்டி, வேகத்தைக் குறைத்தேன். குதிரைவீரனின் தங்க விலையை 120-க்கு ஏற்றி, ஹாப்லைட்டுக்கு எதிரான தாக்குதலைக் குறைத்தேன். இப்போது குதிரை செய்வது உளவும், தோற்று ஓடுகிறவர்களைத் துரத்துவதும்தான். தங்கச் சுரங்கத்தைவிட வயல் முக்கியமாகிவிட்டது. எதிரியின் வயலை எரித்து அவனை மதிலுக்கு வெளியே இழுக்கும் ஸ்பார்ட்டாவின் உத்தியும் தானாகவே ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. அதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

பெயர் மாற்றும் வழிக்கும் நியாயம் உண்டு. பண்டைய ஈரானின் பார்த்தியர்களை எடுத்துக்கொண்டால் அதுவே போதும்: கி.மு. 53-இல் காரேயில் க்ராசஸின் ரோமானியப் படையை முறியடித்தது குதிரைமேல் வில்லாளிகளும் கவசக் குதிரைவீரர்களும்தான். அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) இல்லாமலேயே கனரகக் குதிரைப்படை சாத்தியம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பராமரிப்பும் அந்த வழியில் லேசு. விளையாட்டுக்கு அப்டேட் வரும்போதெல்லாம் விதிகளை மாற்றும் டேட்டா மோடைப் புதிய கோப்பின்மேல் மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. உருவங்களை மட்டும் மாற்றியவருக்கு அந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

கடல் பற்றி அழுத்திச் சொல்ல மாட்டேன். கிரேக்கர்களின் போர்க்கப்பலான ட்ரைரீம் முட்டித் தகர்க்கும் கப்பல். என் மோடில் அது இன்னும் அம்பு விடும் படகாகவே இருக்கிறது. சமநிலையையும் கணினிக்கு எதிராக, சிறிய வரைபடங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். தேர்ந்த ஆட்டக்காரர்கள் கையில் ஹாப்லைட் அளவுக்கு மீறி வலுவாகிவிடக்கூடும்.

அடுத்தது மாசிடோன். மாசிடோன் மன்னன் இரண்டாம் பிலிப்பின் சாரிசா என்ற மிக நீண்ட ஈட்டி எதிரியைப் பிடித்து நிறுத்த, குதிரைப்படை பக்கவாட்டில் புகுந்து உடைக்க வேண்டும். அதற்கு நான் குறைத்த குதிரையின் பலத்தைத் திரும்பக் கொடுத்தாக வேண்டும், மாசிடோனுக்கு மட்டும்.