மெக்சிகோல சென்டெனாரியோ வாங்குறவங்க எடைய பாத்து வாங்குங்க, நான் ஏமாந்துட்டேன்

மெக்சிகோ சிட்டில இருக்குற நம்மாளுங்க யாராவது தங்கம் சேக்கலாம்னு சென்டெனாரியோ வாங்கப் போறீங்கன்னா, தயவுசெஞ்சு இத படிச்சிட்டு போங்க. 1821-ல கிடைச்ச சுதந்திரத்தோட நூறாவது வருஷத்துக்காக 1921-ல முதல் முதலா அடிச்ச 50 பெசோ தங்கக் காசு அது. ஒரு பக்கம் றெக்க வச்ச தேவதை கைல அறுந்த சங்கிலி, பின்னாடி ரெண்டு எரிமலை, அவ்ளோ அழகா இருக்கும். பாப்பா காதுகுத்துக்குன்னு ஒண்ணு வாங்கினேன்.

சென்ட்ரோ பக்கம் ஒரு நகைக்கடை. பேங்க்ல சொன்ன விலைய விட கொஞ்சம் கம்மியா சொன்னாங்க, அப்பவே உஷாராயிருக்கணும். காசுலயே '37.5 கிராம் ஓரோ பூரோ'ன்னு இருக்கும், அதாவது சுத்தத் தங்கம். கடைக்காரர் அத விரல் வச்சு காமிச்சிட்டு தராசுல போட்டாரு, கரெக்டா 37.5 காட்டுச்சு. எழுதினதும் எடையும் ஒண்ணா இருக்கேன்னு நம்பி பணத்த குடுத்துட்டேன்.

அங்கதான் மோசம் போனேன். அந்த 37.5 உள்ள இருக்குற தங்கத்தோட எடை மட்டும்தாங்க. ஒரிஜினல் காசு 90 டச், மீதி செம்பு, அதனால மொத்தமா 41.66 கிராம் நிக்கணும்.

மூணு மாசம் கழிச்சு ஒரு அவசரத்துக்கு விக்கலாம்னு பேங்குக்கு போனா, கவுன்டர்ல இருந்த பொண்ணு தராசுல வச்சு பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம காச என் பக்கம் தள்ளிட்டா. வெளிய டெஸ்ட் பண்ணி பாத்ததுல 18 கேரட், உள்ள இருக்குற தங்கம் 28 கிராம்தான். ஒரு பவுனுக்கும் மேல போச்சு, வயிறு எரியுது.

விளிம்பையும் சுத்திப் பாருங்க, 'இண்டிபெண்டென்சியா இ லிபெர்தாத்'னு எழுத்து தெளிவா இருக்கணும், என்னோடதுல தேஞ்சு மொழுக்குன்னு இருக்கு. இன்னொண்ணு, 1947-ன்னு போட்டத பழைய அரிய காசுன்னு சொல்லி கூட கேப்பாங்க, குடுத்துடாதீங்க, அதே வருஷத்தப் போட்டு 1972 வரைக்கும் லட்சக்கணக்குல அடிச்சிருக்காங்க.

திரும்ப கடைக்கு போய் கேட்டா பில்ல எடுத்து காமிக்கிறாரு, அதுல சென்டெனாரியோன்னே இல்ல, 'மெடல்'னு தான் ஸ்பானிஷ்ல எழுதியிருக்கு. இங்க நுகர்வோர் புகார பாக்குற அரசு அமைப்பான ப்ரொஃபேகோல புகார் குடுத்திருக்கேன். அந்தப் பக்கம் வாங்கினவங்க இன்னைக்கு நைட்டே எடை போட்டுப் பாருங்க, பில்லுல என்ன எழுதியிருக்குன்னும் பாருங்க.