நான்காம் மணல்திட்டும் நான்கு ஆண்டுச் சந்தாவும்

ஆண்டுச் சந்தா பாதியாகக் குறைந்துவிட்டதே, இப்போதாவது வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். உலகச் செய்திகளைத் திரட்டித் தரும் அந்தச் செயலியை நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். அதில் என்னென்ன வசதிகள் உள்ளன என்பது அவருக்கே தெரியும். விரைவாகத் திறக்கிறது, இணையம் இல்லாத இடத்திலும் படிக்க முடிகிறது, விளம்பரத் தொல்லை இல்லை. இவற்றில் எனக்குக் குறையே கிடையாது.

என் மனத்தாங்கல் செய்தி வந்து சேரும் வழியைப் பற்றியது. 2022 மார்ச் 22 அன்று, இலங்கையின் பொருளாதார நெருக்கடியைத் தாங்க இயலாமல் 16 தமிழர்கள் இரு குழுக்களாகத் தனுஷ்கோடிக் கடற்பகுதிக்கு வந்தனர். ஒரு குழுவினரைப் படகுக்காரர்கள் தனுஷ்கோடியை அடுத்துக் கடலில் உள்ள நான்காம் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நான் இராமேசுவரத்தில் குடியிருப்பவன். தேநீர்க் கடையில் காலையிலேயே கேட்டறிந்த அந்தச் செய்தி, மறுநாள் செயலியின் தமிழ்ப் பக்கத்தில் ஓர் அயல்நாட்டுச் செய்தி முகமையின் பெயரோடு வந்தது. மணல்திட்டைக் குறிக்கும் 'சேண்ட்பார்' என்ற ஆங்கிலச் சொல்லை இயந்திர மொழிபெயர்ப்பு 'மணல் மதுக்கூடம்' ஆக்கியிருந்தது. பச்சைக் குழந்தையோடு கரை சேர்ந்தவர்களை மதுக்கூடத்தில் மீட்டதாகப் படித்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது; பிறகு வந்த எரிச்சல் இன்றுவரை தணியவில்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு நேர்ந்து, தமிழ் பேசுகிற ஊரில் முடிந்த ஒரு நிகழ்வு, ஆங்கிலமாகிக் கடல் கடந்து போய், சிதைந்த தமிழாக எனக்கே திரும்பி வர வேண்டிய தேவை என்ன?

எதைப் பெரிதாக்குவது என்பதிலும் இதே கோணல்தான். 2023 ஜூன் 14 அன்று கிரேக்கத்தின் பைலோஸ் கடற்பகுதியில் பாகிஸ்தானியர், சிரியர், எகிப்தியர் எனப் பலரை ஏற்றி வந்த மீன்பிடிப் படகு மூழ்கியது. பிழைத்தவர்கள் 104 பேர். மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் பல நூறு பேர். அதற்கு என் கைப்பேசிக்கு ஒரே ஓர் அறிவிப்பு வந்தது. நான்கு நாள் கழித்து டைட்டானிக் சிதைவைக் காணச் சென்ற டைட்டன் நீர்மூழ்கியில் ஐவர் தொலைந்தபோதோ, உள்ளே இன்னும் எத்தனை மணி நேரத்துக்கு உயிர்வளி இருக்கும் என்ற கணக்கோடு இரவு பகலாகக் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை நானும் தட்டித் திறந்து படித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பழி முழுவதையும் செயலியின் மீது சுமத்துவது நியாயமன்று. லண்டன், பாரிஸ், நியூயார்க் ஆகிய மூன்று நகரங்களின் முகமைகள் உலகுக்கே செய்தி விநியோகிக்கின்றன என்ற முறையீடு கைப்பேசிக்கு மிக மூத்தது. 1976 ஆகஸ்டில் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு, தமக்கென ஒரு செய்திக் கூட்டமைப்பை ஆதரித்தது. அயர்லாந்தின் ஷான் மெக்பிரைடு தலைமையிலான ஆணையம் 1980-இல் ஐ.நா.வின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவுக்கு அளித்த அறிக்கையும் இந்த ஏற்றத்தாழ்வையே பேசியது. அந்த விவாதத்தின் கசப்பும் சேர, 1984 இறுதியில் அமெரிக்காவும் மறு ஆண்டில் பிரிட்டனும் யுனெஸ்கோவை விட்டே வெளியேறின. அன்று தந்திக் கட்டணத்தைக் காரணம் காட்ட முடிந்தது. இன்று அனுப்பும் செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் செய்தியாளரை அமர்த்தும் செலவு அப்படியே இருக்கிறது. நாம் படிக்கும் தமிழ் நாளிதழ்களில் எத்தனைக்கு ஆப்பிரிக்காவில் சொந்தச் செய்தியாளர் உண்டு?

இதே செயலி ஒருமுறை என்னை மகிழ்ச்சியில் ஆழ்த்தியது. அயல்நாட்டு இதழ்களை நேரடியாகத் தொடரும் வசதி வந்தபோது, விளையாட்டாக ஒரு நைரோபி நாளிதழைச் சேர்த்து வைத்தேன். 2024 ஜூன் 25 அன்று வரி உயர்வு மசோதாவை எதிர்த்த இளைஞர்கள் கென்ய நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். மறுநாளே அதிபர் ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். முகமைச் செய்திகளில் வெறும் புகையும் கல்லுமாக இருந்த அந்தப் போராட்டம், உள்ளூர் நாளிதழில் ரொட்டி மீதான வரியாகவும் வேலையில்லாத பட்டதாரியின் கோபமாகவும் விரிந்தது. அந்த வாரத்துக்காகவே நான்கு ஆண்டுச் சந்தாவையும் கொடுக்கலாம்.

என்றாலும், இன்று கேட்டால் வாங்க வேண்டாம் என்றே நண்பருக்குச் சொல்வேன். எங்கள் ஊர் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற செய்தி நேற்று வந்தது. துறைமுகத்தில் குடும்பத்தினர் கூடி அழுது முடித்துப் பதினோரு மணி நேரமாகியிருந்தது. கூடவே வந்த படத்தில் இருந்த படகு, இந்தக் கடலில் ஓடுகிற படகே அன்று.