கழுத்தில் பொருத்திய செயற்கை வட்டு: ஓராண்டுக்குப் பிந்தைய மதிப்பீடு

கேத்தியில் விளையும் கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு என் பிக்கப்பில் நானே ஏற்றிச் செல்கிறேன். கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருந்த வட்டு (டிஸ்க்) பிதுங்கி, வலக்கைப் பெருவிரல் மரத்துப்போனபோது, குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இனிக் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியுமா என்பதே என் கவலையாக இருந்தது. அவ்விரு எலும்புகளையும் ஒட்டிவிடும் பழைய முறையில் வலி தீர்ந்தாலும் அந்த இடத்தில் அசைவு நின்றுவிடும், மேலும் கீழும் உள்ள வட்டுகள் கூடுதல் சுமையைத் தாங்க நேரிடும் என்று மருத்துவர் விளக்கியதால், செலவு அதிகம் என்றாலும் செயற்கை வட்டையே தேர்ந்தெடுத்தேன்.

எனக்குப் பொருத்தியிருப்பது பந்தும் கிண்ணமும் போன்ற அமைப்பு. கீழ்த்தகட்டில் பதித்த பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் குமிழின் மீது மேல்தகட்டின் குழி வழுக்கி நகர்கிறது. தகடுகளின் முதுகிலுள்ள விளிம்புகள் எலும்பில் வெட்டிய காடிகளில் அமர்ந்திருக்கின்றன. இடுப்புப் பகுதி முதுகெலும்புக்கான ஷாரிட்டே என்னும் செயற்கை வட்டை 1980-களில் கிழக்கு பெர்லினில் உருவாக்கிய இருவரில் ஒருவரான காரின் ப்யூட்னர்-யான்ட்ஸ், 1972 ம்யூனிக் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்கில் இரண்டு தங்கம் வென்றவர் என்று அறிந்தபோது, முதுகு வளைவதன் அருமை தெரிந்தவர்தான் இதற்கு முனைந்திருக்கிறார் என்று தோன்றியது.

கைவலி முதல் வாரத்திலேயே விட்டது. மரப்பு நீங்க நான்கு மாதங்கள் ஆயின. ஆனால் நான் எதிர்பார்த்த பலன் வேறு, கிடைத்த பலன் வேறு. கழுத்தைப் பக்கவாட்டில் திருப்புவதில் ஏறத்தாழப் பாதி, உச்சியிலுள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலேயே நடக்கிறதாம். ஆகவே எலும்பை ஒட்டியிருந்தாலும் வளைவுகளில் ஓரளவு திரும்பிப் பார்த்திருப்பேன். என் வட்டு அமைந்த இடமோ குனிவதற்கும் நிமிர்வதற்கும் மிகுதியாக உழைக்கும் இடம். பாத்தியில் குனிந்து களை பறிக்கும்போதும், வண்டியில் அடுக்கிய மூட்டைகளை அண்ணாந்து எண்ணும்போதும்தான் இதன் அருமையை உணர்கிறேன்.

குறை ஒன்று உண்டு. இயற்கை வட்டு நடுவே கூழும் சுற்றிலும் நார் வளையமுமாக இருப்பதால் அசைவதோடு அதிர்ச்சியையும் உள்வாங்குகிறது. இது அசைய மட்டுமே செய்கிறது. பர்லியாறு அருகே சாலை குண்டும் குழியுமாக இருக்கும் நாளில் அந்த வேறுபாடு பிடரியில் தெரிகிறது. மீள்தன்மையுள்ள கருவும் இழை வளையமும் கொண்ட வகைகளும் வடிவமைக்கப்பட்டுள்ளன என்பதை அறுவைக்குப் பிறகே அறிந்தேன். என்ன வகை பொருத்தினார்கள் என்ற அட்டையை மருத்துவமனையில் இருமுறை கேட்டே பெற வேண்டியிருந்தது. அதை அறுவைக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

எலும்பு மெலிந்தவர்களுக்கும், முதுகெலும்பின் பின்புற மூட்டுகள் தேய்ந்தவர்களுக்கும் இது ஏற்றதன்று. பாலிஎத்திலீன் தேய்ந்து உதிரும் துகள்கள் சுற்றியுள்ள எலும்பை அரிக்கக்கூடும் என்பதால், மருத்துவர் குறித்த நாள்களில் எக்ஸ்ரே எடுக்கத் தவறாமல் மலையிறங்கிச் சென்று வருகிறேன்.