கேமரன் மலையா, குண்டாசாங்கா?

ஜூன் விடுமுறையில் பிள்ளைகளைக் குளிரான ஊருக்குக் கூட்டிப்போய்த் தோட்டம் காட்ட நினைக்கிறீர்களா? என் ஓட்டு மலேசியாவின் கேமரன் மலைக்குத்தான். சிங்கப்பூரில் இரவுப் பேருந்து ஏறினால் காலையில் மலையில் இருக்கலாம், செலவும் குறைவு. 1929இல் தொடங்கிய ‘போ’ (BOH) தேயிலை நிறுவனத்தின் தொழிற்சாலையில் பச்சை இலை வாடி, சுருண்டு, பழுப்பாகிக் காய்வதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். அந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்களில் பலர் தமிழர்கள் என்று பிள்ளைகளிடம் அங்கேயே வைத்துச் சொல்லலாம், எனக்கு அதுதான் முக்கியம். அப்புறம் ஸ்ட்ராபெர்ரி தோட்டங்கள், அங்குள்ள பிரிஞ்சாங் ஊரில் முருகன் கோயில். வாரக்கடைசி நெரிசல் மட்டும் கொடுமை, சரிவுகளைக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் மூடிக்கிடப்பதும் மனசுக்குக் கஷ்டம்.

அழகில் கிழக்கு மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள குண்டாசாங் ஒரு படி மேல், சந்தேகமே இல்லை. 4,095 மீட்டர் கினபாலு மலை பின்னால் நிற்க, டேசா பால் பண்ணையின் புல்வெளியில் கறுப்பு வெள்ளை மாடுகள் மேயும். ஆனால் விமானம், அதற்குமேல் சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவிலிருந்து சுமார் இரண்டு மணிநேர வளைவுப் பாதை. சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். போவதென்றால் முதல்நாளே போய்த் தங்கி, விடிந்ததும் பண்ணைக்குக் கிளம்பிவிடுங்கள், நேரமானால் பெரும்பாலும் மேகம் மலையை மறைத்துவிடும்.