விருந்தினர் அறைக்கு மடக்குக் கட்டில்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

விருந்தினர் அறை என்று பெயர்தான். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அது என் வேலை அறை. மேஜை, கணினி, இஸ்திரிப் பலகை எல்லாம் அங்கேதான். நிரந்தரமாக ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. சோஃபா கம் பெட், அடியிலிருந்து இழுக்கும் கட்டில், சுவரோடு நிமிர்த்தி மூடும் மடக்குக் கட்டில் மூன்றையும் பார்த்துவிட்டு மடக்குக் கட்டிலை வாங்கினோம்.

சோஃபாவை ஒதுக்கக் காரணம் மெத்தை. மடிந்து உள்ளே போக வேண்டுமென்பதால் பெரும்பாலான மாடல்களில் அது நாலைந்து அங்குலம்தான். ஒரு ராத்திரி சமாளிக்கலாம். மூன்றாம் நாள் முதுகில் குறுக்குக் கம்பி உறுத்தினாலும் விருந்தாளி வாய்விட்டுச் சொல்லமாட்டார். இழுக்கும் கட்டில் பிள்ளைகளுக்குச் சரி; தரையை ஒட்டி இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள்.

மடக்குக் கட்டில் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் மர்ஃபி இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஒரே அறையில் குடியிருந்த மனிதர், தேவை புரிந்திருக்கிறது. இதன் பெரிய லாபம், மெத்தை மடிவதில்லை. கட்டிலோடு சேர்ந்து அப்படியே நிமிர்கிறது. எங்களுடையது 60க்கு 78 அங்குலம், எட்டு அங்குலத் தடிமனுள்ள ஃபோம் மெத்தை. வந்து தங்கியவர்கள் இரண்டாவது நாளும் நன்றாகத் தூங்கி எழுந்தார்கள், எனக்கு அதுதான் அளவுகோல்.

வாங்குமுன் விற்பனையாளரிடம் துருவிக் கேட்க வேண்டியது கேஸ் ஸ்பிரிங் பற்றி. கட்டிலைத் தூக்கும்போது பாரத்தைத் தாங்குவது பக்கவாட்டிலுள்ள இந்த இரண்டு உருளைகள்தான். மெத்தையும் சட்டமும் சேர்ந்த எடைக்கு ஏற்ப இவற்றைப் பொருத்துகிறார்கள். பிற்பாடு கனமான லேடெக்ஸ் மெத்தைக்கு மாறினால் தூக்கும்போது கை கழன்றுவிடும். மிக லேசானதைப் போட்டால் கட்டில் கீழே படியாமல் மேலெழப் பார்க்கும். ஆகவே மெத்தையை முதலில் முடிவு செய்யுங்கள், ஸ்பிரிங் அதற்குப் பிறகு. உள்ளிருக்கும் வாயு நாளடைவில் குறையும் என்பதும் உண்மை. எங்கள் கட்டில் இப்போது ஒரு பக்கம் கொஞ்சம் வேகமாக இறங்குகிறது, அந்த உருளையை மாற்ற வேண்டியிருக்கிறது. தனியாகக் கிடைக்கும் உதிரிப்பாகமா என்று வாங்கும் நாளிலேயே கேட்டு வைத்தது நல்லதாகப் போயிற்று.

சுவரும் முக்கியம். செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் போல்ட் அடித்து நிறுத்த வேண்டும். வெறும் ஜிப்சம் தடுப்பை நம்பி மாட்டக்கூடாது. கட்டில் இறங்கும் இடத்தில் ஏழடி காலியாக இருக்க வேண்டும், கால்மாட்டில் நடக்க இன்னும் இரண்டடி. என் மேஜைக்குச் சக்கரம் போட்டது அதனால்தான். பிளக் பாயின்ட் கட்டிலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் விருந்தாளி போன் சார்ஜ் போட அலைவார், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினசரிப் பயன்பாட்டில் ஒரே ஒரு பழக்கம் தேவை. எழுந்தவுடன் மூடக்கூடாது. உடம்பின் ஈரம் மெத்தையில் இருக்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு மூடினால் புழுக்க வாடை வராது. விரிப்பும் போர்வையும் பட்டையால் கட்டப்பட்டு உள்ளேயே நிற்கின்றன. தலையணைதான் தொல்லை, அதற்கு அலமாரியில் தனித் தட்டு ஒதுக்க வேண்டியதாயிற்று.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க அனுமதி இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் இழுக்கும் கட்டிலிலேயே, வெளியே இழுத்தபின் மேல்கட்டில் மட்டத்துக்கு உயரும் வகையைத் தேடலாம். முழங்கால் பிரச்சினையும் அதில் இல்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இரவு தங்குபவர்கள் என்றால் சோஃபாவே போதும், இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை.